சிப்காட் நிலமும் குடிமகன் உரிமையும்: ஒரு தீர்ப்பை முன்வைத்து

ஆட்சியதிகாரத்துக்கு வரம்பு உண்டு என்பதை நாகரிகம் வாய்ந்த எல்லாச் சமுதாயங்களும் ஏதேனும் ஒரு வகையில் ஒப்புக்கொண்டே வந்துள்ளன. அவ்வரம்பை வகுப்பவர் யார், ஆட்சியாளர் அதை மீறும்போது தடுத்து நிறுத்துபவர் யார் என்பதில்தான் கருத்து வேறுபாடுகள் எழுந்தன. இஸ்லாமியச் சட்ட மரபில் இவ்விடத்தில் ஷரீஅத்தும், அதை விளக்கும் ஃபகீஹும், அதன்படி தீர்ப்பளிக்கும் காழியும் நின்றார்கள். இன்றைய இந்தியாவில் அரசியல் சாசனமும், அதற்குப் பொருள் கூறும் உச்ச நீதிமன்றமும் நிற்கின்றன. நீதிமன்றம் அளிக்கும் ஒரு தீர்ப்பை மரியாதையோடும் அதேவேளை கூர்மையோடும் ஆராய்வது நம்மவர்க்குப் புதிய பழக்கமன்று. இமாம் அபூஹனீஃபாவின் முடிவுகளை அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் மறுத்துரைத்தார்கள். அம்மறுப்புகளும் ஹனஃபி நூல்களில் மதிப்போடு இடம்பெற்றிருக்கின்றன.

அந்த மரபில் நின்று, 2021ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். ஜி. மோகன் ராவ் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் அவ்வழக்கை நீதிபதிகள் ஏ.எம். கான்வில்கர், தினேஷ் மகேஸ்வரி ஆகியோர் விசாரித்தனர். தொழிற்பேட்டைகளுக்காகத் தமிழக அரசு நிலம் எடுக்கப் பயன்படுத்தும் சட்டம் செல்லுமா செல்லாதா என்பது வழக்கின் மையக் கேள்விகளுள் ஒன்று. இது நிலவுடைமையாளரின் கவலை மட்டுமே என்று எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் தவறானது என்பதைக் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை நாற்பது ஆண்டுகளாக நமக்கு எடுத்துக்காட்டி வருகிறது. ஆதலால் தீர்ப்புக்குள் நுழையுமுன் அந்த இடத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

உப்பனாற்றங்கரை

தமிழ்நாடு மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் என்னும் சிப்காட் 1971இல் தோற்றுவிக்கப்பட்டது. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அக்கழகத்தின் தொழிற்பேட்டை 1980களில் எழுந்தது. இரசாயனம், மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம் முதலியவற்றை உற்பத்தி செய்யும் ஆலைகள் அங்கு வந்தன. குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம், பச்சையாங்குப்பம் ஆகிய ஊர்கள் அவ்வாலைகளின் அண்டையில் அமைந்தன. ஊர்கள் ஆலைகளைத் தேடிச் செல்லவில்லை. ஆலைகளே ஊர்களுக்கு அருகில் வந்தன என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அந்நாளில் நாட்டில் நடைமுறையில் இருந்தது 1894ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலத்து நில எடுப்புச் சட்டமாகும். அச்சட்டத்தின் கண்ணுக்கு நிலத்தின் உரிமையாளரும், அந்நிலத்தில் ஏதேனும் ஓர் உரிமை பாராட்டக்கூடியவரும் மட்டுமே தெரிந்தனர். பக்கத்து வீட்டுக்காரர் தெரியவில்லை. ஆற்றில் வலைவீசி வாழ்பவர் தெரியவில்லை. அவ்வயலில் கூலிக்கு நாற்று நட்டவர் தெரியவில்லை. இழப்பீடு நிலத்துக்குக் கொடுக்கப்பட்டது. காற்றுக்கும் நீருக்கும் விலை பேசப்படவில்லை.

விளைவு என்னவாயிற்று? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009 டிசம்பரில் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டு மாசுக் குறியீட்டு எண்களை வெளியிட்டபோது கடலூருக்குக் கிடைத்தது 77.45. எழுபதுக்கு மேற்பட்ட எண் பெற்ற 43 பகுதிகள் ‘மிகக் கடுமையாக மாசடைந்தவை’ என வகைப்படுத்தப்பட்டன. அவற்றுள் கடலூரும் ஒன்று. 2010 ஜனவரியில் அப்பகுதிகளில் புதிய திட்டங்களுக்கு அனுமதி வழங்குவதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சிறிது காலம் நிறுத்திவைத்தது. 2021 மே 13ஆம் நாள் இத்தொழிற்பேட்டையில் உள்ள பூச்சிக்கொல்லி ஆலை ஒன்றில் நிகழ்ந்த விபத்தில் நால்வர் உயிரிழந்தனர். நாம் எடுத்துக்கொண்ட தீர்ப்பு அதற்குப் பின் ஒன்றரை மாதத்தில் வெளிவந்தது. அத்தீர்ப்புக்கும் அவ்விபத்துக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பது எத்தகைய செயல், அதன் சுமையை யார் சுமக்கிறார் என்னும் கேள்விக்கு உப்பனாற்றங்கரை ஒரு விடையாக நம் முன் நிற்கிறது.

இரு சட்டங்கள்

தமிழக அரசு 1997இல் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. அது 1999ஆம் ஆண்டின் 10ஆம் சட்டமாகப் பதிவாயிற்று. பழைய 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் நடைமுறைகள் நீண்டு செல்வதால் தொழில் வளர்ச்சி தடைப்படுகிறது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். இச்சட்டப்படி உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பி, அவருடைய ஆட்சேபத்தைக் கேட்டபின், அரசு தன் முடிவை அரசிதழில் வெளியிடுகிறது. வெளியிட்ட அந்நாளிலேயே நிலம் எவ்விதப் பற்றுரிமையும் இன்றி அரசின் உடைமையாகிவிடுகிறது. தொகை எவ்வளவு என்பது அதன் பின்னரே உடன்பாட்டின் மூலமோ, மாவட்ட ஆட்சியரின் முடிவின் மூலமோ தீர்மானிக்கப்படும். அதாவது உடைமை முன்னே போகிறது; விலை பின்னே வருகிறது. இவ்வரிசையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

2013இல் நாடாளுமன்றம் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, நியாயமான இழப்பீட்டுக்கும் வெளிப்படைத் தன்மைக்கும் உரிமை அளிக்கும் புதிய நில எடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2014 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. நிலம் எடுக்குமுன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். பாதிக்கப்படும் ஊரில் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். வல்லுநர் குழு அம்மதிப்பீட்டை ஆராய்ந்து, நன்மையைவிடத் தீமை மிகும் என்று கண்டால் திட்டத்தைக் கைவிடுமாறே பரிந்துரைக்கலாம். இழப்பீட்டை முழுமையாக வழங்கிய பின்னரே நிலத்தைக் கைக்கொள்ள இயலும். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்னும் சொல்லுக்கு அச்சட்டம் அளித்த பொருள் விரிவானது. மூன்றாண்டுகள் அந்நிலத்தை நம்பி வாழ்ந்த குத்தகைதாரர், விவசாயக் கூலி, நீர்நிலையை நம்பி வாழும் மீனவர், படகோட்டி ஆகியோரும் அதில் அடங்குவர். உப்பனாற்று மீனவரைச் சட்டம் முதன்முதலாகக் கண்ணெடுத்துப் பார்த்தது இங்கேதான்.

மிகைப்படுத்தல் கூடாது. தனியார் நிறுவனங்களுக்காக நிலம் எடுக்கும்போது எண்பது விழுக்காட்டினரின் ஒப்புதல் வேண்டும் என்னும் புகழ்பெற்ற விதி, அரசு தன் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ளும் திட்டங்களுக்குப் பொருந்தாது. எனவே மத்தியச் சட்டம் இருந்திருந்தால் சிப்காட்டுக்காக எவருடைய நிலமும் விருப்பமின்றி எடுக்கப்பட்டிராது என்று சொல்வது சரியன்று. இழந்தது ஒப்புதல் உரிமையை அன்று. கேள்வி கேட்கும் உரிமையை. இத்திட்டம் தேவைதானா, அதன் தீங்கு யாரைச் சேரும் என்பதை ஊரார் முன் வைத்துப் பேசும் கட்டாயம் தமிழகத் தொழிற்பேட்டைகளைப் பொறுத்தவரை அரசின் மீது இல்லாமற் போயிற்று.

வழக்கும் தீர்ப்பும்

மாநிலச் சட்டமும் மத்தியச் சட்டமும் ஒரே பொருளில் முரண்பட்டால் மத்தியச் சட்டமே மேலோங்கும் என்பது சாசனத்தின் 254ஆம் பிரிவின் பொது விதி. ஆனால் அப்பிரிவின் இரண்டாம் உட்பிரிவு ஒரு விலக்கை அளிக்கிறது: குடியரசுத் தலைவரின் ஏற்பிசைவைப் பெற்றால் மாநிலச் சட்டம் அம்மாநிலத்துக்குள் நிலைபெறும். தமிழக அரசு இவ்வழியைப் பற்றிக்கொண்டு, மத்தியச் சட்டத்தில் 105-ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, தொழிற்பேட்டை, நெடுஞ்சாலை, ஆதிதிராவிடர் நலம் ஆகியவை தொடர்பான தன் மூன்று சட்டங்களையும் மத்தியச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கியது. இழப்பீட்டுத் தொகையும் மறுவாழ்வும் மட்டும் மத்தியச் சட்டத்தின்படி அமையும் என்றது.

2019 ஜூலை 3ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. 2013 செப்டம்பரில் மத்தியச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஏற்பிசைவைப் பெற்றபோதே மாநிலச் சட்டங்கள் முரண்பாட்டினால் இறந்துபட்டன. இறந்த சட்டத்தை ஒரு விலக்குப் பிரிவினால் எழுப்ப இயலாது, மீண்டும் முறைப்படி இயற்றியிருக்க வேண்டும் என்பது அந்நீதிமன்றத்தின் முடிவு. நிலத்தை இழந்தோர் வென்றனர். அவ்வெற்றி நீடித்தது ஐந்து மாதங்களே. அதே ஆண்டில் தமிழகச் சட்டமன்றம் புத்துயிரூட்டும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. டிசம்பர் 2ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஏற்பிசைவும் அதற்குக் கிடைத்தது. அச்சட்டம் 2013 செப்டம்பர் 26ஆம் நாளிலிருந்தே நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளப்படும் என்று எழுதப்பட்டது. இடைப்பட்ட ஆறாண்டு நடவடிக்கைகள் யாவும் செல்லுபடியாயின.

உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தை உறுதிசெய்தது. சட்டமன்றத்துக்கு இதை இயற்றும் தகுதி உண்டு. உயர் நீதிமன்றம் சுட்டிய குறையை அது நீக்கியிருக்கிறது. தீர்ப்பை அது புறந்தள்ளவில்லை, தீர்ப்பின் அடிப்படையை மாற்றியிருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஏற்பிசைவும் முறைப்படி பெறப்பட்டது. ஆகவே மத்தியச் சட்டத்தோடு ஒப்பிட்டு இதைச் சமத்துவத்துக்கு எதிரானது என்றும் கூற இயலாது, ஏனெனில் வேறுபடுவதற்குத்தான் 254ஆம் பிரிவு வழிவகுத்திருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம்.

கூட்டாட்சி என்னும் கோணத்திலிருந்து நோக்கினால் இத்தீர்ப்பில் ஒரு நியாயம் இருப்பதை மறுப்பதற்கில்லை. மாநிலங்களின் சட்டமியற்றும் ஆற்றல் சுருங்கிக்கொண்டே வரும் நாட்டில், ஒரு மாநிலம் தன் தேவைக்கேற்பச் சட்டம் செய்துகொள்ளும் உரிமையை நீதிமன்றம் காத்திருக்கிறது. தமிழ்நாட்டார் இதைக் குறைத்து மதிப்பிடலாகாது.

மூன்று ஐயங்கள்

எனினும் நமக்கு மூன்று ஐயங்கள் எழுகின்றன.

முதலாவது, நீதிமன்றம் எழுப்பிய கேள்வியைப் பற்றியது. இச்சட்டத்தை இயற்ற யாருக்கு அதிகாரம் உண்டு என்பதை நீதிபதிகள் நுணுக்கமாக ஆராய்கிறார்கள். இச்சட்டம் குடிமகனை என்ன செய்கிறது என்பது அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி இயங்குபவர். அவருடைய ஏற்பிசைவு, அரசின் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்கு அளிக்கும் இசைவாகும். மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் இடையிலான பிணக்கை அது தீர்க்கும். அரசுக்கும் குடிமகனுக்கும் இடையிலான பிணக்கை அது எவ்வாறு தீர்க்கும்? இரு ஆட்சியாளர்கள் தமக்குள் ஒத்துப்போவது, ஆளப்படுபவரின் உரிமைக்குப் பாதுகாப்பு ஆகிவிடாது.

நம் ஃபிக்ஹு மரபில் இவ்வேறுபாடு தெளிவாக உணரப்பட்டிருந்தது. கலீஃபா ஹாரூன் அல் ரஷீதுக்காகக் காழி அபூயூசுஃப் (ரஹ்) எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ என்னும் நூலில், நிலைநாட்டப்பட்ட, அறியப்பட்ட ஓர் உரிமையின் அடிப்படையிலன்றி எவர் கையிலிருந்தும் எதையும் எடுக்க ஆட்சித் தலைவருக்கு அதிகாரமில்லை என்று அறுதியிட்டுக் கூறுகிறார். குடிமக்கள் மீது ஆட்சியாளர் செலுத்தும் அதிகாரம் அவர்களுடைய நலனோடு கட்டுண்டது என்பது பிற்கால ஃபகீஹுகள் வகுத்த பொதுவிதி. அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதோடு அவ்விதி நிறைவடைவதில்லை. அது எதற்காகப் பயன்படுகிறது என்பதையும் கேட்கிறது.

இரண்டாவது ஐயம், உடைமையும் விலையும் நிற்கும் வரிசையைப் பற்றியது. உதுமானியப் பேரரசில் 1869க்கும் 1876க்கும் இடையில் ஹனஃபி ஃபிக்ஹைத் தொகுத்துச் சட்ட நூலாக்கியபோது பிறந்த ‘மஜல்லா’வின் 1216ஆம் விதி நில எடுப்பைப் பற்றியதே. தேவை நேரும்போது ஒருவருடைய நிலத்தை அதன் மதிப்பைக் கொடுத்து, சுல்தானின் ஆணைப்படி பொதுச் சாலையோடு சேர்க்கலாம் என அது அனுமதிக்கிறது. ஆனால் விலை கொடுத்து முடிக்கப்படும்வரை அது அவர் கையை விட்டு எடுக்கப்படலாகாது என்று அடுத்த வரியிலேயே கட்டுப்படுத்துகிறது. நமது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவும் இதே வரிசையைப் பேணுகிறது. தமிழகத்தின் 1997ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தலைகீழாக்குகிறது. ஒரு சுல்தானிடமிருந்து அவருடைய குடிமக்கள் எதிர்பார்க்க முடிந்த வரிசையை ஒரு மக்களாட்சியிடம் எதிர்பார்ப்பது மிகையாகுமா? விலையை முன்கூட்டியே கொடுக்க வேண்டியவர் அவசரப்படமாட்டார். தேவைக்கு மேல் ஒரு காணி நிலத்தையும் எடுக்கமாட்டார். விலையைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்னும் வசதி இருக்கும்போதுதான் நில எடுப்பு பெருகுகிறது.

மூன்றாவது, பின்தேதியிடும் வழக்கம். நீதிமன்றத்தில் ஒருவர் வென்றபின், அவர் வென்ற சட்டத்தையே பழைய தேதியிட்டு மாற்றி அவ்வெற்றியைப் பயனற்றதாக்கும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு உண்டு என்பது இந்திய நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஒப்புக்கொண்டுவரும் கொள்கை. எனவே இதற்காக இந்த இரு நீதிபதிகளை மட்டும் குறைகூற முடியாது. ஆனால் கொள்கையையே குறைகூறலாம். வாரிசுரிமை வழக்கொன்றில் உமர் (ரலி) அவர்கள் ஓராண்டு ஒருவிதமாகவும் மற்றோர் ஆண்டு வேறுவிதமாகவும் தீர்ப்பளித்தார்கள். கேட்டபோது, முன்னது முன்னைய முடிவின்படியே நிற்கும், பின்னது புதிய முடிவின்படி அமையும் என்னும் கருத்தில் விடையளித்தார்கள். ஓர் இஜ்திஹாதை மற்றோர் இஜ்திஹாத் கலைக்காது என்னும் ஃபிக்ஹு விதிக்கு இந்நிகழ்ச்சியே சான்றாக எடுத்தாளப்படுகிறது. முறைமன்றத்தில் பெற்ற முடிவு நாளையும் நிற்கும் என்ற உறுதி இல்லாதவிடத்து, ஏழை விவசாயி வழக்கறிஞரைத் தேடிச் செல்வதில் பயன் என்ன?

அண்டை வீட்டாரின் உரிமை

இவ்வழக்கில் வாதாடப்பட்டவை பெரும்பாலும் உரிமையாளரின் உரிமைகளே. கடலூரின் படிப்பினையோ உரிமையாளருக்கு அப்பாற்பட்டது. அங்கு மிகுதியாகத் துன்புற்றோர் நிலத்தைக் கொடுத்து விலை பெற்றவர்கள் மட்டுமல்லர். நிலம் எடுக்கப்படாமலேயே நீரையும் காற்றையும் இழந்தவர்கள். இவர்களுக்குச் சாசனம் அளிக்கும் பாதுகாப்பு 21ஆம் பிரிவில் உள்ளது. மாசற்ற நீரும் காற்றும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் கூறிற்று.

இஸ்லாமியச் சட்ட மரபில் அண்டை வீட்டாரின் உரிமை ஒரு நல்லொழுக்க அறிவுரையாக மட்டும் நின்றுவிடவில்லை. தீங்கிழைப்பதும் தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்னும் நபிமொழியின் மீது ஃபகீஹுகள் ஒரு சட்டப் பிரிவையே கட்டியெழுப்பினார்கள். வீட்டை ஒட்டிக் கொல்லன் உலையோ ஆலையோ அமைத்து அதனால் பெருந்தீங்கு நேர்ந்தால் அது தடுக்கப்பட வேண்டும் என்கிறது மஜல்லா. அதன் 1212ஆம் விதி இன்னும் நுட்பமானது. ஒருவர் மற்றொருவரின் கிணற்றருகே கழிவுநீர்க் குழி தோண்டி, கிணற்று நீர் கெட்டால் அத்தீங்கை அகற்ற வேண்டும். அகற்ற முடியாவிட்டால் குழியையே மூட வேண்டும். தொழில் நடத்துபவரின் இலாப நட்டக் கணக்கு அவ்விதியில் இடம்பெறவில்லை.

இங்கு நம் சமுதாயத்துக்குக் கசப்பான ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஆழ ஊன்றிய தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28இல் வெளிவந்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பாகும். அவ்வழக்கு தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றியது. பாலாற்றங்கரை ஊர்களில் அத்தொழிலை நடத்தியவர்களுள் முஸ்லிம்கள் கணிசமானவர்கள். பள்ளிவாசல்களையும் மதரஸாக்களையும் கல்லூரிகளையும் எழுப்பிய அதே செல்வம், ஊராரின் கிணறுகளைக் கெடுத்த தொழிலிலிருந்தும் வந்தது. ஃபிக்ஹு நூல்களில் கழிவுநீர்க் குழியைப் பற்றிய பாடத்தை ஓதிய நாம், அதைப் பாலாற்றோடு பொருத்திப் பார்க்கத் தவறிய சமுதாயம். இதை ஒப்புக்கொள்ளாமல் கடலூரைப் பற்றிப் பேச நமக்கு நாவெழக் கூடாது.

மறுப்பவரின் உடல்

உடைமையுரிமை வேறு, உடலின் சுதந்திரம் வேறு என்று சட்ட நூல்கள் பிரித்துரைக்கும். நடைமுறையில் இரண்டும் பிணைந்தே வருகின்றன. நிலத்தைக் கொடுக்க மறுப்பவரே முதலில் சிறைக்குப் போகிறார். திருவண்ணாமலை மாவட்டம் மேல்மா பகுதியில் செய்யாறு சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்து 2023இல் மாதக்கணக்கில் விவசாயிகள் போராடினர். அவ்வாண்டு நவம்பரில் போராட்டக்காரர்களைக் கைது செய்த அரசு, அவர்களுள் எழுவர் மீது குண்டர் தடுப்புச் சட்டத்தை ஏவியது. கண்டனம் எழுந்தபின் ஓரிரு நாள்களிலேயே அறுவர் மீதான ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒரு கேள்வி மட்டும் நிற்கிறது: கண்டனம் எழாதிருந்தால்?

1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டமாகிய அது, குற்ற விசாரணை இன்றியே ஒருவரைப் பன்னிரண்டு மாதங்கள் வரை காவலில் வைக்க இடமளிக்கிறது. அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமையும் தடுப்புக் காவலில் இருப்பவருக்கு இல்லை. தடுப்புக் காவலுக்குச் சாசனமே 22ஆம் பிரிவில் இடம் வைத்திருப்பது நம் குடியரசின் பிறவிக் குறைகளுள் ஒன்று. 1950இல் ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாகாண அரசு என்னும் வழக்கில், முறைப்படி இயற்றிய சட்டம் ஒன்று இருந்தாலே போதும், அதன் நியாயத்தைப் பெரிதும் ஆராய வேண்டியதில்லை என்னும் நிலையை உச்ச நீதிமன்றம் மேற்கொண்டது. 1978இல் மேனகா காந்தி வழக்கில்தான், அந்நடைமுறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருத்தல் வேண்டும் என்று 21ஆம் பிரிவுக்குப் புதுப்பொருள் கிடைத்தது. சிப்காட் தீர்ப்பில் நாம் காணும் அணுகுமுறையோ கோபாலன் வழக்கின் பழைய நிழலை நினைவூட்டுகிறது: சட்டம் முறைப்படி பிறந்ததா என்பதோடு ஆராய்ச்சி பெரிதும் நின்றுவிடுகிறது.

தடா, பொடா ஆகிய சட்டங்களின் காலத்தை நேரில் கண்ட நம் வாசகர்களுக்கு விசாரணையற்ற காவலின் பொருளை விளக்க வேண்டியதில்லை. நேர்மையான சாட்சிகள் இன்றி இஸ்லாத்தில் எவரும் சிறைபிடிக்கப்படலாகாது என்னும் உமர் (ரலி) அவர்களின் கருத்தை இமாம் மாலிக் (ரஹ்) தம் ‘முவத்தா’வில் பதிவு செய்திருக்கிறார். ஒருவர் மற்றொருவர் மீது சுமத்தும் வெறும் குற்றச்சாட்டின் பேரில் சிறையிடுவது ஆகாது என்று அபூயூசுஃபும் கலீஃபாவுக்கு எடுத்துரைக்கிறார். இவ்விதிகளை நம் இளைஞர்கள் கைதாகும்போது மட்டும் எடுத்துக்காட்டுவது அவற்றின் தகுதிக்கு ஏற்றதன்று. மேல்மா விவசாயிக்கும் அவை பொருந்தும்.

அப்பாஸின் வீடும் நவவீயின் மடலும்

வரலாற்றை ஒருதலையாகக் காட்டுவது நமது நோக்கமன்று. மஸ்ஜிதுந் நபவியை விரிவுபடுத்த விரும்பிய உமர் (ரலி), அருகிலிருந்த அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டை விலைக்குக் கேட்டார்கள். அப்பாஸ் மறுத்தார்கள். வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் சென்றது. தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக அமைந்தது. அதன் பின்னரே அப்பாஸ் அவ்வீட்டை விலையின்றி வழங்கினார்கள். ஆனால் மக்காவின் ஹரமை விரிவுபடுத்தியபோது, விற்க மறுத்தோரின் வீடுகளை அதே உமர் (ரலி) அகற்றினார்கள் என்றும், அவர்களுக்குரிய விலையைக் கஅபாவின் கருவூலத்தில் ஒப்படைத்து வைத்தார்கள் என்றும் வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். எனவே பொதுத் தேவைக்காக நிலம் எடுக்கும் அதிகாரம் இஸ்லாமிய ஆட்சிக்கு அறவே இல்லை என்று வாதிடுவது தவறு. அதிகாரம் உண்டு, அதோடு தேவையை நிறுவும் கடமையும், விலையை முன்வைக்கும் கடமையும், ஆட்சியாளரையே எதிர்வாதியாக நிறுத்தும் நடுவரும் உண்டு.

முஸ்லிம் மன்னர்கள் பலர் இவ்வரம்புகளை மீறினார்கள் என்பதும் உண்மை. கி.பி. 13ஆம் நூற்றாண்டில் சுல்தான் ளாஹிர் பைபர்ஸ், நிலம் வைத்திருந்தோரிடம் ஆவணம் கேட்டு, இல்லாதவரிடமிருந்து அதைப் பறிக்க முற்பட்டார். அதை நேர்நின்று மறுத்தவர், நம் கடற்கரை ஊர்களின் மதரஸாக்களில் நாள்தோறும் ஓதப்படும் ‘மின்ஹாஜ்’ நூலின் ஆசிரியரான இமாம் நவவீ (ரஹ்) அவர்களே. எவர் கையில் பொருள் இருக்கிறதோ அவருடைய உடைமையாகவே அது கருதப்படும், ஆவணம் கேட்டு அவரைத் துன்புறுத்தலாகாது என்பது அவருடைய நிலைப்பாடு.

2025இல் வக்ஃபு திருத்தச் சட்டம் நிறைவேற்றப்பட்டபோது நம் சமுதாயம் இதே வாதத்தைத்தான் முன்வைத்தது: தலைமுறைகளாக மக்கள் பயன்பாட்டில் உள்ள பள்ளிவாசலுக்கும் அடக்கத்தலத்துக்கும் ஆவணம் கேட்பது நீதியா என்றது. அரசு அலுவலர் விசாரிக்கும் காலத்திலேயே ஒரு சொத்து வக்ஃபு என்னும் தகுதியை இழக்கும் என்ற விதியை அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் இடைக்கால ஆணையால் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தபோது ஆறுதல் அடைந்தது. அப்பாதுகாப்பு எந்தச் சாசனத்திலிருந்து வந்ததோ, அதே சாசனத்திடம்தான் குடிகாட்டுக் குடிமகனும் மேல்மா விவசாயியும் கையேந்தி நிற்கிறார்கள். அவர்களுக்கு இல்லாமற்போகும் பாதுகாப்பு நமக்கு மட்டும் எஞ்சி நிற்கும் என்று எண்ணுவதற்கு ஆதாரமில்லை.

இனிச் செய்யத்தக்கது

உடைமையுரிமை 44ஆம் திருத்தத்தின் மூலம் அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கப்பட்டு, 300-ஏ என்னும் பிரிவில் சாசன உரிமையாகச் சுருங்கிற்று. சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய உடைமையும் பறிக்கப்படலாகாது என்பது அப்பிரிவு. ‘சட்டம்’ என்னும் அச்சொல்லுக்குள் எவ்வளவு அடங்கும் என்பதே கேள்வி. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி எதிர் பிமல் குமார் ஷா என்னும் வழக்கில் நீதிபதிகள் பி.எஸ். நரசிம்மா, அரவிந்த் குமார் ஆகியோர் இதற்கு விரிவான விடையளித்தனர். அறிவிப்புப் பெறும் உரிமை, ஆட்சேபம் கேட்கப்படும் உரிமை, காரணத்தோடு கூடிய முடிவைப் பெறும் உரிமை, பொதுநோக்கம் இருத்தல், நியாயமான இழப்பீடு, நடவடிக்கைகள் செம்மையாகவும் காலத்தோடும் நடைபெறுதல், அவை முறையாக முடிவுறுதல் ஆகிய ஏழும் 300-ஏ பிரிவுக்குள் அடங்கியவை என்றனர். சட்டம் ஒன்று இருக்கிறது என்பதே போதும் என்னும் நிலையிலிருந்து இது வெகுவாக முன்னேறியது. தமிழகத்தின் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தை இவ்வேழு அளவுகோல்களாலும் அளந்து பார்க்கும் வழக்கு ஒன்று எழுமானால், மோகன் ராவ் தீர்ப்பு விட்டுச்சென்ற கேள்விக்கு விடை கிடைக்க வழியுண்டு.

அந்த ஏழிலும் அண்டை வீட்டாருக்குத் தனி இடம் இல்லை என்பதையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அவ்விடத்தை நிரப்பக்கூடியது சமூகத் தாக்க மதிப்பீடு ஒன்றே. மத்தியச் சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், தொழிற்பேட்டைகளுக்கு அம்மதிப்பீட்டைத் தானே விதித்துக்கொள்ளத் தமிழகச் சட்டமன்றத்துக்கு எத்தடையும் இல்லை. எந்த மாநில உரிமையின் பெயரால் அது விலக்குப் பெற்றதோ, அதே உரிமையைக் கொண்டு தன் குடிமக்களுக்குக் கூடுதலான பாதுகாப்பை அது வழங்கலாம். விலையைக் கொடுத்தபின்னரே உடைமை மாறும் என்று ஒரு வரியைத் திருத்தவும் செய்யலாம்.

அரபிக் கல்லூரிகளில் பணியாற்றும் நம்மைப் போன்றோருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. ஃபிக்ஹில் அண்டை வீட்டார் உரிமை, ஃகஸ்பு எனப்படும் அபகரிப்பு, காழியின் நெறிமுறைகள் ஆகியவற்றை நாம் பாடமாக நடத்துகிறோம். அப்பாடங்களின் உதாரணங்கள் பாக்தாதின் உலைக்களமாகவும் டமாஸ்கஸின் தோட்டமாகவுமே இன்னும் இருக்கின்றன. சிதம்பரம் சாலையில் நின்று பார்த்தால் தெரியும் புகைபோக்கிகளையும், அரசியல் சாசனத்தின் 14, 21, 22, 300-ஏ ஆகிய பிரிவுகளையும் அதே வகுப்பறையில் மாணவர் முன் வைத்துப் பேசும் நாள் வர வேண்டும். கிணற்றருகே தோண்டிய குழியை மூடச் சொன்ன சட்டத்தை ஓதிவிட்டு வெளியே வரும் மாணவன், உப்பனாற்றில் கலக்கும் கழிவைப் பற்றிக் கேள்வி எழுப்பத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.